நாரை தட்டுக்கு வராது

போன வசந்தத்தில் பறவைகள் சரணாலயத்துச் சேற்றில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டேன். அதற்கு என் மகன் கண்டுபிடித்த வைத்தியம், கொல்லைப்புறத்தில் ஒரு தானியத் தட்டு. கம்பம் நட்டு, மேலே சின்னக் கூரை போட்டு, எதிரே எனக்கொரு நாற்காலியும் போட்டுவிட்டான்.

"இனிமே நீ எங்கயும் அலைய வேண்டாம்மா. பறவையெல்லாம் வீட்டுக்கே வந்துடும்."

வந்தன, இல்லையென்று சொல்லவில்லை. குருவி, மைனா, புறா. ஒரு தடியன் அணில் தட்டையே குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. மருமகள் காப்பியை நீட்டி, "ஜோரா இருக்கில்ல அத்தை?" என்பாள். அவள் நல்லவள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் ஓட்டியே காலம் தள்ளியவளை நாற்காலியில் நட்டுவைத்தால்?

இந்த வசந்தத்தில் சரணாலயத்து ஏரி நாணலில் செந்நாரை குஞ்சு பொரித்திருப்பதாகச் செய்தி வந்தது. போகவேண்டும் என்றேன்.

"தட்டுலதான் இத்தனை பறவை வருதே!"

"மீன் தின்கிற நாரை உன் கம்புக்கும் சோளத்துக்கும் வருமாடா?"

கார் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போட்டுக்கொள்ளட்டும், ஊரில் பஸ்ஸா இல்லை? அவன் வேலைக்குப் போனதும் கைத்தடியோடு கிளம்பினேன். மருமகளிடம் சொல்லிவிட்டுத்தான். ஒளிந்து ஓடுகிற வயசா எனக்கு?

ஏரிக்கரையில் பலகையால் அடைத்த அறை ஒன்று உண்டு. சுவரில் நீளமான திறப்பு. நாம் பறவைகளைப் பார்க்கலாம், அவை நம்மைப் பார்க்காது. உள்ளே ஒரே சட்டம்தான்: வாயைத் திறக்கக் கூடாது. பெஞ்சில் இடம்பிடித்து பைனாகுலரைக் கண்ணில் வைத்துக் காத்திருந்தபோது கதவு படாரென்று திறந்தது. மகன்.

"அம்மா! உனக்கு என்ன..."

"உஷ்!" பெஞ்சு மொத்தமும் திரும்பி முறைத்தது.

வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கதவைக் காட்டினான். நான் நாணலைக் காட்டினேன்.

அப்போதுதான் நாரை வந்து இறங்கியது. குஞ்சுகள் கழுத்தை நீட்டி அடித்துக்கொண்டன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. விழுந்த பிறகு முதல்முறையாக, உயிரோடு இருக்கிறேன் என்று பட்டது. பைனாகுலரை அவனிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

வெளியே வந்ததும் கொட்டித் தீர்த்தான். "மறுபடி விழுந்தா என்னம்மா பண்ணுவே?" குரல் உடைந்துபோயிருந்தது.

"விழுந்தா தூக்க வா. விழுந்துடுவேன்னு உட்காரவைக்க வராதே."

என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பிடிக்கட்டும் என்று விட்டேன். ஆனால் கார் நின்ற பக்கம் திரும்பவில்லை. ஏரியைச் சுற்றிப் போகிற சேற்றுப் பாதையில் இறங்கினேன்.