நீலாம்பாள் கட்டிய தவணை

நீலாம்பாளின் பணத்தில் எண்பத்தைந்து ரூபாயைக் கரையான் தின்றது எழுபத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதத்தில். துணியில் சுற்றிக் கூரையில் செருகி வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தபோது மேல் நோட்டெல்லாம் சல்லடை. தப்பியது அறுநூற்று நாற்பது. இரண்டு வருஷத்து நடவுக் கூலி, களையெடுத்த கூலி, அறுப்பில் கிடைத்த நெல்லை விற்றது, இரண்டு ஆடு விற்றது, எல்லாம் அதில் இருந்தது. புருஷன் தங்கையன் மஞ்சள் காமாலையில் செத்த பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவள் சேர்த்தது. மகள் அம்சம் மன்னார்குடியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளை டீச்சர் டிரெயினிங்கில் சேர்க்க அந்தப் பணம்.

இனிமேல் கூரையை நம்புவதில்லை என்று முடிவு செய்தாள். எங்கே போடுவது என்பதுதான் தெரியவில்லை.

புன்னைவெளியிலேயே ஒரு தபால் ஆபீஸ் இருந்தது. அது இராஜாங்கத்தின் மைத்துனர் வீட்டு முன்னறை. மைத்துனர்தான் போஸ்ட்மாஸ்டர். காலையில் ஒருத்தி இருபது ரூபாய் போட்டால் மத்தியானம் இராஜாங்கத்துக்குத் தெரிந்துவிடும். சாயங்காலம் கூலி கேட்கப் போனால், "உனக்கென்ன அவசரம், கையிலதான் காசு இருக்கே" என்பார். அப்படி இரண்டு பேருக்கு நடந்திருந்தது.

இராஜாங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் நிலத்தில் பாதி அவருடையது. பதினைந்து ஏக்கருக்கு மேல் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகும் பாதி அவருடையதாகவே இருந்தது. எப்படி என்று கேட்க ஆள் இல்லை. ஆளுங்கட்சித் துண்டு ஒன்று தோளில் கிடந்தது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் வேறு கட்சித் துண்டு கிடந்தது. உழுகிறவனுக்கே நிலம் என்று மேடையில் முழங்குவார். இறங்கி வந்து அறுப்புக் கூலியில் அரைப்படி குறைப்பார். கூட்டுறவு சொசைட்டிக்குப் பதினாறு வருஷமாக அவரே தலைவர்.

நீலாம்பாள் மன்னார்குடிக்குப் பஸ் ஏறினாள். அங்கே கடைத்தெருவில் புதிதாக ஒரு பாங்கு திறந்திருந்தார்கள். ஏழை எளியவர்களின் பாங்கு என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தது. எழுதியதை வாசலோடு நிறுத்திக்கொண்டார்கள். உள்ளே மூன்று நாற்காலி காலியாகக் கிடந்தும் அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார்.

"கணக்கு ஆரம்பிக்கணும்னா அறிமுகக் கையெழுத்து வேணும்மா. ஏற்கெனவே இங்க கணக்கு வச்சிருக்கிறவங்க யாராவது உன்னைத் தெரியும்னு எழுதிக் கொடுக்கணும். எந்த ஊரு?"

"புன்னைவெளிங்க."

ஆபீசர் முகம் மலர்ந்தது. "அப்புறம் என்ன? இராஜாங்கம் சார் நம்ம கஸ்டமர்தான். அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா."

"நான் யோக்கியம்னு அவரு எழுதணுங்களா?"

"ஆமா."

"அவரு யோக்கியம்னு யாருங்க எழுதிக் கொடுத்தா?"

ஆபீசர் வேலை நிறைய இருப்பதுபோல ஒரு பேரேட்டைத் திறந்துகொண்டார்.

அவள் திரும்பி வந்த பஸ்ஸில்தான் செல்லதுரை இருந்தான். அவள் தெருக்காரன், விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் ஓடியாடித் திரிகிறவன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"நம்ம ஊரு சொசைட்டியிலயே போடு அக்கா. பாங்கைவிட வட்டி அரை சதவீதம் கூட. முன்ன நிலம் இல்லாதவங்களைச் சேக்க மாட்டேன்னாங்க. இப்பதான் குடியிருப்பு மனைக்கு உனக்குப் பட்டா வந்திருச்சே. பத்து ரூபா பங்கு கட்டினா நீயும் மெம்பர். ஓட்டுப் போடலாம்."

"அந்த ஆளு தலைவரா இருக்கிற இடத்துலயா?"

"பணம் சொசைட்டிக்குத்தானே போவுது, அவரு மடிக்கா?"

அவளுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் போய்ப் பார்ப்பதில் நஷ்டமில்லை என்று ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை சொசைட்டிக்குப் போனாள்.

செகரெட்டரி ரெத்தினம் மேசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். இராஜாங்கம் தும்மினால் நூறு வயசு என்பதும், அவர் சொன்ன இடத்தில் எழுதுவதும் தவிர அவன் வேறு வேலை கற்றதில்லை. கூலிக்காரர் தெருவிலிருந்து ஒருத்தரையும் மெம்பராகச் சேர்க்கக் கூடாது என்பது தலைவர் உத்தரவு. ஆனால் பட்டாவோடு வந்து நிற்பவளை என்ன சொல்லித் திருப்புவது? ரெத்தினம் யோசித்தான். அவனுக்கு யோசனை வந்ததுதான் இந்தக் கதையில் நடந்த முதல் விபரீதம்.

பழைய பேரேட்டை எடுத்துத் தூசி தட்டினான்.

"சேக்க முடியாதும்மா. உன் புருஷன் பேர்ல பாக்கி நிக்குது. பாக்கிக்காரன் குடும்பத்துக்குக் கணக்குக் கிடையாது."

"அவரு உங்ககிட்டக் கடன் வாங்கினதே இல்லீங்களே."

"இல்லையா? இந்தா படிக்கிறேன் கேளு. தங்கையன், தகப்பனார் பெயர் மருதையன். வாய்க்கால் கிழகரை, ஒன்பது மா நஞ்சை. பயிர்க்கடன் ரூபாய் தொள்ளாயிரம். கைநாட்டு இருக்கு பாரு."

கடன் என்றதும் விதவை பயந்து ஓடிவிடுவாள் என்பது அவன் கணக்கு. நீலாம்பாள் ஓடவில்லை.

"இன்னொரு தடவை படிங்க."

படித்தான்.

"எந்த நிலம்னு சொன்னீங்க?"

"கிழகரை ஒன்பது மா. காது கேக்கலியா?"

காது நன்றாகவே கேட்டது. ஒன்பது மா என்றால் மூன்று ஏக்கர். இராஜாங்கத்தின் நிலம் என்று ஊரே சொல்லும் அந்த மூன்று ஏக்கரில் பதினைந்து வருஷமாக அவள் கூலிக்கு நாற்று நட்டிருக்கிறாள். தங்கையன் அங்கேதான் ஏர் பிடித்தான். காய்ச்சலோடு அவன் அறுப்புக்குப் போய்ச் சுருண்டு விழுந்ததும் அதே கிழகரையில்தான். வைத்தியத்துக்கு முப்பது ரூபாய் கேட்டுப் போனவளை, போன வருஷ நெல்லே பாக்கி இருக்கிறது என்று இராஜாங்கம் திருப்பி அனுப்பினார். எப்போதோ ஒரு நாள் அவனைச் சொசைட்டிக்குக் கூட்டிப் போய், முன்பணத்துக்கு என்று சொல்லிக் கைநாட்டு வாங்கியது இப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. சொந்த நிலத்தில் கூலி வேலை செய்து, வைத்தியத்துக்குக் காசில்லாமல் செத்திருக்கிறான் மனுஷன்.

நீலாம்பாள் மடியிலிருந்து பணத்தை எடுத்து இருநூறு ரூபாயை எண்ணி மேசையில் வைத்தாள்.

"கடன் கடன்தாங்க. இது முதல் தவணை. பாக்கிய அறுப்பு முடிஞ்சு கட்டறேன். ரசீது போடுங்க."

ரெத்தினம் காலைக் கீழே இறக்கினான். நான்கு மாதமாக ஒரு பைசா வசூல் இல்லை என்று மேலிடத்திலிருந்து மூன்று கடிதம் வந்திருந்தது. அடுத்த மாதம் சூப்பர்வைசர் வருகிறார். இருநூறு ரூபாய் தானாக வந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பேரேட்டில் உள்ள பொய்யை எழுதியவனே அவன்தான். ஆனாலும் கூலிக்காரி ஒருத்தி தன்னைவிட இரண்டு அடி முன்னால் யோசிப்பாள் என்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை. 'கிழகரை ஒன்பது மா நஞ்சையின் உரிமையாளர் காலஞ்சென்ற தங்கையன் வாரிசு நீலாம்பாள் செலுத்தியது' என்று அவள் சொல்லச் சொல்ல அழகாக எழுதி, சீல் குத்தி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

அன்று சாயங்காலமே போய்த் தலைவரிடம் வசூல் பெருமையைச் சொன்னான். என்ன கிடைத்தது என்று யாரும் பார்க்கவில்லை. மறுநாள் அவன் இடது கன்னம் வீங்கியிருந்ததை ஊரே பார்த்தது.

இராஜாங்கம் ஆள் அனுப்பினார். நடவு வேலை இருக்கிறது, வர முடியாது என்று நீலாம்பாள் சொல்லிவிட்டாள். அந்த வார்த்தையை அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மூன்றாம் நாள் அவரே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். பதினெட்டுப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டு சட்டென்று நின்றது.

"நீலாம்பா, இப்படி வா." குரலைத் தாழ்த்திச் சொன்னார். சத்தம் போட்டே பழகிய மனுஷனுக்கு அது பெரிய கஷ்டமாக இருந்தது.

"இங்கேருந்தே கேக்குதுங்க. சொல்லுங்க."

"அந்த முட்டாப்பய தெரியாம வாங்கிட்டான். இந்தா இருநூறு. ரசீதைக் குடுத்துடு."

"கடனைக் கட்டினது தப்புங்களா?"

"அது உன் புருஷன் கடன் இல்ல."

"அப்ப யாரு கடன்?"

இராஜாங்கம் சுற்றிலும் பார்த்தார். பதினெட்டு நாற்று முடியும் அந்தரத்தில் நின்றன.

"நிலம் சும்மா அவன் பேருக்கு எழுதி வச்சது. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாதுங்க. சும்மா ஏன் எழுதினீங்கன்னு தாசில்தாருகிட்டச் சொல்லுங்க. நானும் தெரிஞ்சுக்கறேன்."

ஆயிரம் தருவதாகச் சொன்னார். அவள் நடவைத் தொடர்ந்தாள். அம்சத்தை டிரெயினிங்கில் தானே சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அவள் நிமிரவில்லை. கடைசியில், உன் புருஷன் என் உப்பைத் தின்றவன் என்று ஆரம்பித்தார். அப்போதுதான் அவள் இடுப்பை நிமிர்த்தினாள்.

"சாவும்போது முப்பது ரூபா கேட்டேன். மூணு ஏக்கர்க்காரருக்கு முப்பது ரூபா இல்லேன்னீங்க. இனிமே அவரு பேச்சை உங்க வாயால எடுக்காதீங்க."

பெண்களில் ஒருத்தி சிரித்தாள். சின்னச் சிரிப்புதான். இராஜாங்கம் திரும்பி நடந்தபோது கால் வழுக்கிச் சேற்றில் முழங்கால் வரை இறங்கினார். கை கொடுக்க யாரும் போகவில்லை.

செல்லதுரையோடு பதிவு ஆபீசுக்குப் போய் அவள் பத்திர நகல் வாங்கினாள். அதில் ஒரு ஓட்டை கிடையாது. சர்க்கார் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காகத் தஞ்சாவூர் வக்கீலைக் கொண்டு இராஜாங்கமே எழுதிவைத்த சுத்தமான கிரயப் பத்திரம். விலை முழுவதும் தங்கையன் ரொக்கமாகக் கொடுத்துவிட்டான் என்று அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். புரட்டாசியில் அந்தப் பதினெட்டுப் பேரும் இறங்கிக் கிழகரையில் நீலாம்பாளுக்காக நட்டார்கள். இராஜாங்கம் போலீசைக் கூட்டி வந்தார். இன்ஸ்பெக்டர் பத்திரத்தைப் படித்தார். "இது உங்க நிலம் இல்லையே. வேற பத்திரம் இருக்கா?" என்று கேட்டார். பினாமி என்று சொன்னால் மூன்று ஏக்கரோடு போகாது, மற்றதும் வெளியே வரும். இராஜாங்கம் வாயை மூடிக்கொண்டு ஜீப்பிலேயே திரும்பினார்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. தெரு முழுக்கச் சொசைட்டி வாசலில் வரிசையில் நின்றது. "என் பேர்ல ஏதாவது கடன் இருக்குங்களா? எங்கப்பா பேர்ல பாருங்க." இல்லை என்றால் முகம் வாடியது. இருக்கிறது என்றால் அங்கேயே துண்டைச் சுழற்றிக் கூத்தாடினார்கள். ரெத்தினம் பேரேட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தான். அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். தங்கையன் செத்து ஒரு வருஷம் கழித்தும் நேரில் வந்து கைநாட்டு வைத்துக் கடனைப் புதுப்பித்திருப்பதை அவர் கண்டுபிடித்தார். ரெத்தினத்துக்கு வேலை போயிற்று. இராஜாங்கத்துக்குத் தலைவர் பதவி போயிற்று. துண்டு போகவில்லை, அதன் நிறம் மட்டும் பிறகு ஒரு முறை மாறியது.

எல்லாருக்கும் நிலம் கிடைத்துவிடவில்லை. பேரேட்டில் பேர் இருந்த பதினோரு பேரில் ஐந்து பேருக்குத்தான் தேறியது. இரண்டு பேர் முந்நூறு ரூபாய்க்கு இராஜாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தர் இராஜாங்கத்தின் காலில் விழுந்து, தன் பேரை எடுத்துவிடும்படி கெஞ்சினார். மற்ற மூன்று பேரின் வழக்குகள் இன்னும் கோர்ட்டில் கிடக்கின்றன. நீலாம்பாளுக்குப் பட்டா மாற ஒன்றரை வருஷமானது. சொசைட்டிக் கடனின் மீதியையும் அவளே கட்டினாள். அந்தப் பணத்தில் இராஜாங்கம் தன் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டது அவளுக்குத் தெரியும். நிலத்துக்கு அது மலிவு என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த தலைவர் தேர்தலில் செல்லதுரை ஜெயித்தான். ஜெயித்த மறுமாதமே மேசைக்கு விரிப்பு வாங்கினான், நாற்காலிக்கு மெத்தை வாங்கினான், வந்தவர்களை நிற்க வைத்துப் பேசப் பழகினான். அறுப்பு முடிந்து நீலாம்பாள் நெல் விற்ற செய்தி அவனுக்கும் எட்டியது. ஒரு நாள் கிழகரைக்கே வந்தான்.

"அக்கா, இப்ப இது நம்ம சொசைட்டி. டெபாசிட்டை இங்கயே போடு. எல்லாத்தையும் போடு."

"அம்பது ரூபா போடறேன் தம்பி. பங்குக்கு ஒரு பத்து, அது ஓட்டுக்கு."

"மிச்சம்?"

"மன்னார்குடி பெரிய தபால் ஆபீசுல போட்டாச்சு. அம்சம் பேர்ல. அங்க என்னை யாருக்கும் தெரியாது. கூப்பிட்டா நீலாம்பாள்னு கூப்பிடறாங்க, கேட்டா அன்னிக்கே திருப்பித் தர்றாங்க."

செல்லதுரைக்கு முகம் சுண்டிவிட்டது. "உனக்காக எவ்வளவு அலைஞ்சேன். என் மேல நம்பிக்கை இல்லையா அக்கா?"

"இருக்கு தம்பி. அம்பது ரூபாய்க்கு இருக்கு."

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்துவிட்டது. நீலாம்பாள் மண்வெட்டியை எடுத்து மடையைத் திறக்கப் போனாள்.