கண்ணாடிப் பஞ்சு வேண்டாம்

மதிய மணி அடித்ததும் கொக்கி ஊசியை மெத்தையின் ஓரத்தில் குத்திவிட்டுச் சுருட்டை எழுந்தாள். கொதிகலன்களுக்குப் போர்த்துகிற மெத்தை அது. இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவே கண்ணாடிப் பஞ்சைப் பரப்பி, மெல்லிய கம்பியால் சுற்றிலும் தைக்க வேண்டும். கூரைத் தகட்டின் ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் தூசி வெள்ளிப் பொடியாக மிதந்தது. பார்க்க அழகுதான். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் இறங்கிவிட்டால் தூங்கவிடாது. சுருட்டை என்ற பட்டப்பெயரைத் தந்த அவளுடைய முடிக்குள் புகுந்ததை எந்தச் சீப்பாலும் எடுக்க முடியாது.

பெண்கள் யாரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. கூட்டமாக கேட்டுக்கு வெளியே போனார்கள். அங்கே சுருட்டையின் அக்கா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அதே கொட்டகையில் அதே வரிசையில் தைத்தவள். இருமல் நிற்கவில்லை என்றதும், வீட்டு அடுப்புப் புகையால் வந்த நோய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து எத்தனையோ காலமாயிற்று. தூசியை இழுக்கிற விசிறியும் மூக்குக்கு நல்ல கவசமும் வேண்டும், அக்காவுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், இவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

ஒருத்தி கைக்குழாய் ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனாள். "நாங்க கேக்குறது..." என்று ஆரம்பிப்பதற்குள் வாட்ச்மேன் போய் ஜெனரேட்டரைப் போட்டான். கரண்ட் போகவே இல்லை. அந்த உறுமலில் குழாயின் சத்தம் கீச்சென்று கேட்டு அடங்கியது. மாடி ஜன்னலில் மேலாளர் டீ குடித்தபடி வேடிக்கை பார்த்தார்.

"எரும கனைக்கிற எடத்துல கொசு பாடுது" என்றாள் அக்கா. சிரித்ததில் இருமல் வந்து, முதுகு வளைந்து, அடங்க வெகு நேரமானது.

சுருட்டையின் கணவனைத் தெருவே ரேடியோக்காரர் என்றுதான் கூப்பிடும். வீட்டு முன்னறைதான் அவருக்குப் பழுது பார்க்கும் கடை. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் பரணிலிருந்து ஒரு பெரிய ஸ்பீக்கரை இறக்கினார். உடைத்துப் போட்ட காரிலிருந்து கழற்றியது.

"குழாய் கத்துறது காதுக்கு. ஜெனரேட்டர் காத அடைச்சிடுது. நமக்கு வேண்டியது அடிச் சத்தம். காதுல கேக்கலன்னாலும் நெஞ்சுல இடிக்கணும்" என்றார்.

பழைய அலமாரியின் கனத்த பலகைகளை அறுத்து, சந்து பொந்தெல்லாம் பசை இழுத்து, காற்றுப் புகாத பெட்டி ஒன்று செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பீக்கரைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். அக்காவும் வந்திருந்தாள்.

"குடத்துக்குள்ள ஒருத்தன் ஏப்பம் விடுற மாதிரி இருக்கு தம்பி" என்றாள் அவள்.

ரேடியோக்காரருக்குக் கோபம் வரவில்லை. "காலிப் பொட்டிக்கா அது. உள்ள காத்து மோதித் திரும்பி வந்து ஸ்பீக்கர் முதுகுலயே அறையுது. சுவத்துக்கு உள்பக்கம் கனமா ஏதாச்சும் ஒட்டணும். நடுவுல லேசாப் பஞ்சு அடைக்கணும். அடைச்சா, பொட்டி இன்னும் பெருசுன்னு ஸ்பீக்கர் நம்பிடும்."

"ஸ்பீக்கரையும் ஏமாத்தலாமா?"

"மனுசங்களயே ஏமாத்துறாங்க, இதுக்கு என்ன?"

அவர் மேசைக்கடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். "இதுக்கு ஒசத்தி இதுதான். ஒலி சாமான் கடைக்காரர் குடுத்தாரு." பிரித்ததும் வெள்ளைக் கண்ணாடிப் பஞ்சு மினுமினுத்தது.

சுருட்டை அதைப் பார்த்தாள். அக்கா ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு வாசல் பக்கம் போனாள்.

"அத மூடுங்க" என்றாள் சுருட்டை.

"ஏம்மா, சத்தத்துக்கு இத விட..."

"என் வீட்டுக்குள்ள இது வரக்கூடாது."

"மூடின பொட்டிதானே? ஆணி அடிச்சுட்டா ஒரு பொடி வெளிய வராது."

"எங்க ஷெட்டுலயும் இதத்தான் சொன்னாங்க. தச்சு மூடிட்டா வெளிய வராதாம். தைக்கிறவ மூக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு அவங்களும் பாக்கல, இப்ப நீங்களும் பாக்கல. அடைக்கப் போறது யாரு கை? பிரிச்சு ரிப்பேர் பண்ணப் போறது யாரு?"

"வேற பஞ்சு போட்டா இந்த அளவுக்கு..."

"சத்தம் கொறைஞ்சா கொறையட்டும். அக்காவ இப்படி ஆக்குனத உள்ள வச்சுக்கிட்டு, அக்காவுக்காகக் கத்துதாம் பொட்டி! நல்லா இருக்கா சொல்லுங்க?"

ரேடியோக்காரர் வாசலைப் பார்த்தார். அக்கா தெருவைப் பார்த்தபடி மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தாள். அவர் பொட்டலத்தை ஈரத்துணியில் சுற்றி, பையில் போட்டுக் கட்டி, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்க எடுத்துப் போனார். திரும்பி வந்தவர் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார்.

அதற்குப் பிறகு வீடே பஞ்சுக்கடையானது. முட்டை அட்டையை ஒட்டினால் போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஒட்டியதில் ஒரு வித்தியாசமும் இல்லை. தெர்மாகோல் கிறீச்சிட்டது. பழைய மெத்தையைக் கிழித்து இலவம்பஞ்சைப் போட்டார்கள். ஆரம்பத்தில் நன்றாக இருந்தது. வண்டியில் ஆட்டிப் பார்த்தபோது எல்லாம் அடியில் போய் மூட்டையாக உட்கார்ந்துகொண்டது.

"என் மாமியார் மாதிரி. ஒரு எடத்துல உக்காந்தா எழுந்திருக்காது" என்றாள் அக்கா.

சுவருக்கு வழி கிடைத்தது. காலி செய்த ஓர் அலுவலகத்திலிருந்து தூக்கிப் போட்ட தடித்த தரைவிரிப்பை ரேடியோக்காரர் கொண்டுவந்தார். சுருட்டை அதைத் துவைத்துக் காயவைத்து, அளவாக வெட்டி, சுவர்களில் சுருக்கமில்லாமல் ஒட்டினாள். மெத்தை தைத்த கை அது. முட்டியால் தட்டிப் பார்த்தபோது 'டங்' என்ற ஒலி போய் 'தொம்' என்றது.

நடுவில் அடைக்கும் பஞ்சுதான் பாக்கி. அது பொம்மைக்காரியிடமிருந்து வந்தது. அவளும் கொட்டகையில் தைப்பவள்தான். வேலை முடிந்து வீட்டில் பொம்மைகளுக்குப் பஞ்சு அடைத்துக் கொடுப்பாள். விஷயம் கேள்விப்பட்டு ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"பாலியெஸ்டர் நாரு. அரிக்காது, நமுத்துப் போகாது, அமுக்கினா திரும்ப எழும்பும். கொழந்தைங்க கடிச்சு மெல்லுற பொம்மைக்கே இதுதான்" என்றாள்.

சுருட்டை ஒரு கைப்பிடி எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டாள்.

பெண்கள் மூவரும் உட்கார்ந்து நாரைப் பிய்த்து உதறி மேகம் போல ஆக்கினார்கள். நார் ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டாதபடி கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டினார் ரேடியோக்காரர். முதலில் ஆசை தீர அடைத்தார்கள். அக்கா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாள்.

"இதுக்கு மூச்சு முட்டுது தம்பி. கொஞ்சம் எடுங்க. எனக்குத் தெரியாதா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கை எடுத்தார்கள். இன்னொரு கை. அக்காவின் முகம் மாறியது.

"ம். இப்ப அறையல. குத்துது."

மறுநாள் மதியம் பெட்டி தள்ளுவண்டியில் பேட்டரியோடு கேட்டுக்கு வந்தது. பெண்கள் பலகையில் காலால் மிதித்து, கைதட்டிப் பதிவு செய்த தாளத்தை ரேடியோக்காரர் ஓடவிட்டார். வாட்ச்மேன் வழக்கம்போல ஜெனரேட்டரைப் போட்டான். அது உறுமியது. தாளமோ அதற்கு அடியில் புகுந்து தரை வழியாக வந்தது. காவல் அறைக் கண்ணாடி அதிர்ந்தது. மற்ற கொட்டகை ஆண்கள் சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்தார்கள். தாளத்தோடு தாளமாகப் பெண்கள் தரையில் மிதித்தார்கள். மாடி ஜன்னலில் டீ தம்ளர் இல்லை. மேலாளர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மேலாளரும் இறங்கி வந்தார். பேச்சு கேட்க வேண்டுமென்று ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார்கள். ரேடியோக்காரரும் தாளத்தை நிறுத்தினார்.

"பொட்டிக்குள்ள என்ன?" என்றார் போலீஸ்காரர்.

"பஞ்சு சார்."

"பஞ்சா? தொறந்து காட்டு."

ரேடியோக்காரர் திருகாணிகளைக் கழற்றி ஸ்பீக்கரைத் தூக்கி வைத்தார். அமுங்கியிருந்த வெள்ளை நார் வெயிலில் பொங்கி எழுந்தது. ஒரு சிறு துணுக்கு காற்றில் பறந்து மேலாளரின் சட்டைப் பக்கம் போனது.

மேலாளர் துள்ளிப் பின்னால் நகர்ந்தார். கைக்குட்டையை உருவி மூக்கைப் பொத்திக்கொண்டார். "தொடாதீங்க சார்! நம்ம சரக்க எடுத்து அடைச்சிருக்காளுங்க. தள்ளி நில்லுங்க, மூச்சுல போச்சுன்னா நுரையீரல் காலி!"

ஜெனரேட்டர் ஓடவில்லை. அவர் சொன்னது கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது.

போலீஸ்காரர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அக்கா ஸ்டூலிலிருந்து மெதுவாக எழுந்து வந்து, வெறும் கையைப் பெட்டிக்குள் மணிக்கட்டு வரை விட்டாள். ஒரு பிடி எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"பொம்மைப் பஞ்சு சார் இது. உங்களுது இல்ல" என்றாள்.

சுருட்டை அவள் கையிலிருந்து அதை வாங்கி உள்ளே வைத்து, மேகம் போலப் பரத்திவிட்டாள். "மூடுங்க. தாளம் பாதில நிக்குது" என்றாள் கணவனிடம்.

வேலை மணி அடித்தது. ஒருத்தியும் நகரவில்லை. தாளம் மறுபடி தரைக்கடியில் கிளம்பியபோது, முடியிலும் புருவத்திலும் வெள்ளித் தூசி படிந்த அத்தனை பெண்களும் கவசம் இல்லாத வெறும் முகத்தோடு மேலாளரைப் பார்த்து நின்றார்கள். அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.