அலகு போடாத விடை

கண்ணாடி வெட்டும் கடையில் அவனுக்கு மில்லி என்று பெயர். ஜன்னல் அகலம் என்ன என்று கேட்டால் "எண்ணூத்திப் பத்து" என்பான். அலகு சொல்ல மாட்டான். அந்தக் கடையில் எல்லா அளவும் மில்லிமீட்டர்தான். அதை வாய்விட்டுச் சொல்பவன் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனாக இருப்பான். இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்து மகளுக்குத் தொற்றவைத்திருந்தான் மகராசன்.

மகளின் ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. வீட்டிலிருந்து பள்ளி எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு 1200000 என்று எழுதியிருந்தாள். "அலகு எங்கே?" என்று டீச்சர் பக்கத்திலேயே கேட்டிருந்தார்.

மனைவி இருந்தவரை அந்த நோட்டை அவன் தொட்டதே இல்லை. அவள் இறந்து ஏழு மாதமாகிறது. அவன் அழுது தீர்ப்பான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவனும்தான் காத்திருந்தான். அழுகை வரவில்லை. வேலைக்குப் போனான், சமைத்தான், துணி காயப்போட்டான். உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது.

போன வாரம் மனைவியின் அக்கா போன் செய்தாள். "பொண்ணு படிப்பு பாழாப் போகுது. நீங்க ஒண்டி ஆளா என்ன பண்ணுவீங்க? எங்க வீட்ல இருந்து படிக்கட்டும்." அவன் "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. பெற்ற பிள்ளையை அனுப்ப ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

நாளைக் காலை மனைவியின் அக்கா வந்துவிடுவாள். மகளின் பை கதவோரம் தயாராக நின்றது. மகளோ சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"அதான் திங்கக்கிழமை அந்த ஸ்கூலுக்குப் போகப்போறதில்லையே," என்றான்.

"முடிச்சுக் குடுத்துட்டுத்தானே போகணும்? நீங்க சும்மா இருங்கப்பா. இதைச் சொல்லிக் குடுங்க."

இரண்டு மீட்டர் ஐம்பது மில்லிமீட்டர் நீளக் குழாயை மில்லிமீட்டரில் சொல்ல வேண்டும். அவள் 2500 என்று போட்டிருந்தாள்.

"ரெண்டு மீட்டர்னா எவ்வளவு?"

"ரெண்டாயிரம்."

"அதோட அம்பதைக் கூட்டு. நீ ஐநூறைக் கூட்டியிருக்கே. இப்படிக் கண்ணாடி வெட்டினா பாதி ஜன்னலுக்கு வெளிய நிக்கும்."

அவள் லேசாகச் சிரித்துவிட்டு 2050 என்று திருத்தினாள். பிறகு நினைவு வந்தவளாக, பக்கத்தில் மி.மீ. என்றும் எழுதினாள்.

கடைசிக் கேள்வி, 'சொந்தமாக ஒரு வாக்கியக் கணக்கு எழுதி விடை காண்க.' அவள் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். பிறகு நோட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

'பெரியம்மா வீடு எங்கள் வீட்டிலிருந்து 312 கி.மீ. அப்பாவின் ஒரு காலடி 80 செ.மீ. அப்பா என்னைப் பார்க்க நடந்தே வந்தால் எத்தனை காலடி வைக்க வேண்டும்?'

அவன் அளந்தே பழகியவன்தானே, பென்சிலை எடுத்துக் கணக்கைப் போட ஆரம்பித்தான். மீட்டராக்கினான், சென்டிமீட்டராக்கினான், எண்பதால் வகுத்தான். மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம் வந்தது. சரிதானா என்று இன்னொரு தடவை போட்டான். அதேதான் வந்தது. நெஞ்சுக்குள் சுருக்கென்று வலித்தது. ஏழு மாதத்தில் முதல் வலி அதுதான்.

ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழித்தான். விடை என்ற இடத்தில் 0 என்று எழுதினான்.

திரும்பி வந்த மகள் எட்டிப் பார்த்தாள். "தப்புப்பா. பூஜ்யம் எப்படி வரும்?"

"நீ இங்கயே இருந்தா பூஜ்யம்தான்."

அவள் நம்பாமல் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் போனை எடுத்து மனைவியின் அக்காவுக்கு அடித்தான். அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டிருந்தது.

"அலகு போடலப்பா," என்றாள் மகள்.

"பூஜ்யத்துக்கு எதைப் போட்டாலும் ஒண்ணுதான்."

"டீச்சர் விட மாட்டாங்க." பென்சிலைப் பிடுங்கி, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் 'காலடி' என்று எழுதினாள்.