ராஜாம்பாளுக்கு ஒரு புடவை

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதும், கொளஞ்சியம்மாள் மடியிலிருந்த பையைத் திறந்து புடவையை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். கத்திரிப்பூ நிறம், சின்னக் கரை. ராஜாம்பாள் சிவப்பா கறுப்பா என்றுகூட அவளுக்குத் தெரியாது. படுத்துக் கிடந்து எழுந்தவளுக்குப் பளிச்சென்றுதான் வேண்டும் என்று கடைக்காரரிடம் அடம்பிடித்து எடுத்தாள். கவர் கசங்கிவிடக் கூடாதென்று பையை வழியெல்லாம் குழந்தையைப் போல வைத்திருந்தாள்.

கள்ளக்குறிச்சியில் அவள் போகிற சபையில் வருடப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் ஒரு எவர்சில்வர் தூக்கைக் கொண்டுவந்து வைப்பார்கள். உள்ளே சீட்டுகள். சீட்டுக்கு, வெளியூரில் சுவிசேஷம் சொல்லப் போயிருக்கும் ஓர் ஊழியர். எடுத்தவர் அந்த வருடம் முழுக்க அவருக்காக ஜெபிக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் எடுத்த சீட்டில், ‘தங்கதுரை, கல்வராயன் மலை. மனைவி ராஜாம்பாளின் வயிற்று நோய் நீங்க’ என்றிருந்தது. வருடம் முடிந்தபோது சீட்டைத் திருப்பித் தரமாட்டேன் என்றுவிட்டாள். “இன்னும் சுகமாவல. பாதியில எப்பிடி வுடறது?” என்று சண்டை பிடித்தவளைப் பார்த்துச் சபையே சிரித்தது. அடுத்த வருடமும் அதே கதை. நெல் காயப்போடும் வேலைக்கு ஆலைக்குக் கிளம்புமுன், விடிகாலையில் முட்டி போட்டு, கூடப்பிறந்தவளுக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். வலி குறைய வேண்டும், சோறு இறங்க வேண்டும், தூக்கம் வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். போன ஈஸ்டருக்குச் சபையில் எழுந்து, ராஜாம்பாள் எழுந்து நடப்பதை ஜெபத்தில் கண்டேன் என்று சாட்சியும் சொன்னாள். யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று பெயர் போட்டு, ஊழியர்களுக்கு மாதாமாதம் தபாலில் போகும் ஜெபத்தாளில் அது வந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொங்கலுக்கு ஆலை மூடியதும் பஸ் ஏறிவிட்டாள்.

வெள்ளிமலையில் இறங்கி, விசாரித்துக்கொண்டே இரண்டு மைல் நடந்தாள். ஓட்டு வீடு. வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. வெளியே வந்தவருக்கு ஐம்பது இருக்கும். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, அந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தார்.

“ஸ்தோத்திரம் ஐயா. கள்ளக்குறிச்சி சபையிலேர்ந்து வரேன். அக்கா இன்னா பண்றாங்க? கூப்புடுங்களேன்.”

தங்கதுரை, அவள் நீட்டிய புடவையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நடந்தார். அடுப்படி அந்தப் பக்கம் போல என்று கொளஞ்சியம்மாளும் சிரித்த முகமாய்ப் பின்னாலேயே போனாள். பலா மரத்தடியில் சுண்ணாம்பு அடித்த ஒரு மேடு. சிமெண்டுச் சிலுவையில் கீறியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பெயருக்குக் கீழே 18.7.1991 என்றிருந்தது.

அவள் சீட்டு எடுத்தது தொண்ணூற்றிரண்டு ஜனவரியில். விரல் விட்டு எண்ணினாள், மறுபடி எண்ணினாள். மூன்று வருடமாகத் தினமும் சோறு இறங்க வேண்டும் என்று அவள் கேட்டது, இந்த மேட்டுக்குள் கிடந்தவளுக்கு. தனக்கு ஒரு நாளாவது உறுத்தியிருக்கக் கூடாதா? ஆண்டவரே, நீராவது சொல்லியிருக்கக் கூடாதா?

“சபைக்கு எழுதலயா நீங்க?” அவளை அறியாமல் குரல் உயர்ந்தது.

“அப்பவே எழுதனம்மா. யாரும் பாக்கல போல. பழைய தாளப் பாத்துத்தான புதுத் தாள எழுதறாங்க? மறு மாசமும் அவ பேரு வந்துச்சி.”

“மறுபடி எழுதறதுக்கு இன்னா? மூணு வருசங்கய்யா! மனுசன் செய்ற வேலையா இது?”

அவர் கவருக்கு மேலாகவே புடவையின் கரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எழுதலாம்னுதான் ஒக்காருவேன். எழுதனா பேர எடுத்துருவாங்க. இங்க அவ பேரச் சொல்றதுக்கு என்ன வுட்டா ஆளில்ல. கீழ யாரோ ஒருத்தங்க தெனம் சொல்லிக்கினு இருக்காங்களேன்னு, அப்பிடியே வுட்டுட்டேன்.” மேட்டில் விழுந்திருந்த பலா இலையைக் குனிந்து எடுத்தார். “போன வருசம், எழுந்து நடக்கறான்னு போட்டிருந்துச்சி. அன்னிக்கி ரெண்டு தட்டு எடுத்து வெச்சிட்டேம்மா.”

அந்தச் சாட்சி யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொளஞ்சியம்மாள் அங்கேயே செத்திருப்பாள். வந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சீட்டில் முதல் பெயர் இந்த மனிதருடையதுதான். அதைத் தாண்டித் தாண்டியே அவள் இத்தனை நாளும் போயிருக்கிறாள். தன்னந்தனியாய்க் கிடந்தவருக்காக ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உள்ளே கூட்டிப் போய், இரண்டு தட்டில் சாமைச் சோறு வைத்தார். எதிரே உட்கார்ந்தார்.

“ஜெபம் பண்ணுங்கம்மா.”

கண்ணை மூடிக்கொண்டாள். “ஆண்டவரே, ஒம்ம ஊழியக்காரர் தங்கதுரைக்காக...” என்று ஆரம்பித்தாள். அவருடைய தனிமையைச் சொல்ல வார்த்தை தேடினாள். அதற்குள் மூன்று வருடப் பழக்கம் நாக்கில் முந்திக்கொண்டது. “அவரு சம்சாரம் ராஜாம்பாளுக்கு...”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது.

“சொல்லுங்கம்மா,” என்றார் எதிரிலிருந்து. “நிறுத்தாதீங்க.”

அவர் மடியில் புடவைக் கவர் சரசரத்துக்கொண்டே இருந்தது.