கடல் பக்க மூலை

“அக்கா, கெஞ்சிக் கேக்கறேன். நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க. ஒரு வார்த்தை குறைக்காதீங்க.”

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சின்ன மருமகள் ஓரகத்தியின் கையைப் பிடித்திருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணனும் தம்பியும் காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் தார்க் கலவை லாரி வந்துவிடும். தம்பி ரோலரில் ஏறிவிடுவான்.

“கையை விடுடி, சொல்றேன். என்னன்னு சொல்லணும்?”

“கடல் பக்க மூலையில தரைக்கு அடியில மண்ணே இல்லக்கா. நேத்து பெருக்கும்போது விளக்குமாத்துக் கம்பு முழுசா உள்ள போயிடுச்சு. உள்ளேருந்து காத்து வருது. ரோலர் ஏறினா அப்படியே உள்ள போயிடும். அவர் அது மேலதான் உக்காந்திருப்பாரு.”

பெரியவள் தலையாட்டிவிட்டுப் போனாள். ஆறேழு அடிதான் தூரம். அதற்குள் அவள் புருஷன் தலையைத் தூக்கி, “என்ன?” என்றார். அந்த ஒற்றைக் கேள்விக்குப் பதினெட்டு வருஷமாகப் பயந்தவள் அவள்.

“ஒண்ணுமில்லைங்க. கடல் பக்க மூலையில ஏதோ ஒரு சின்னக் குழி இருக்காம்.”

“குழியா? ஒரு கூடை ஜல்லியைக் கொட்டி மூடச் சொல்றேன். இதுக்கெல்லாமா சாப்பிடறப்ப வந்து நிப்பாங்க?”

கதவுக்குப் பின்னால் நின்றவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சொன்னதில் முக்கால்வாசி அந்த ஆறேழு அடிக்குள் உதிர்ந்து போயிருந்தது.

அந்தக் குடும்பத்தில் தம்பி மனைவி புருஷனின் அண்ணனோடு நேரே பேசக்கூடாது. அவரும் அவளோடு பேசமாட்டார். இதற்கு மரியாதை என்று பெயர். அவளை உச்சி வெயிலில் ஜல்லி சுமக்க வைக்கலாம், ஏக்கர் கணக்கில் தரை பெருக்க வைக்கலாம். அதிலெல்லாம் மரியாதை குறையவில்லை. வாயைத் திறந்தால் மட்டும் குறைந்துவிடுமாம். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் வேலை செய்யும் இடத்தில்கூட அவர் உத்தரவெல்லாம் அடுத்தவர் வாய் வழியாகவே அவளுக்கு வந்தது.

அண்ணனான பெரியவர், கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் வண்டி நிறுத்துமிடம் போட்டுக் கொடுக்கும் காண்ட்ராக்டர். இப்போது கையில் இருந்தது கடலோரத்து மரச்சாமான் கடை ஒன்றின் வேலை. உப்புக் காற்றும் வெயிலும் சேர்ந்து பழைய தாரை வெளிறவைத்துப் பொருக்குப் பொருக்காகப் பெயர்த்திருந்தன. அதைச் சுரண்டி எடுத்து ஜல்லித் தரையைச் சுத்தமாகப் பெருக்கிக் கொடுப்பது சின்ன மருமகளின் பொறுப்பு.

முந்தின நாள் சாயங்காலம் அவள் மட்டும்தான் அந்த மூலையில் இருந்தாள். கம்பு உள்ளே போனதும் குனிந்து கையை வைத்துப் பார்த்தாள். ஓட்டையிலிருந்து ஈரக் காற்று புஸ்ஸென்று வந்தது. சற்று நின்றது. மறுபடி வந்தது. கீழே யாரோ படுத்து மூச்சு விடுவதுபோல இருக்க, அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். மூச்சு வாங்க நின்று யோசித்த பிறகுதான் புரிந்தது. அந்த வழியாகக் கடலுக்கு மழைநீர்க் குழாய் போகிறது. அது எங்கோ உடைந்திருக்க வேண்டும். கடல் ஏறும்போதெல்லாம் தண்ணீர் குழாய்க்குள் வந்து, திரும்பும்போது மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது. பயத்தை அடக்கிக்கொண்டு திரும்பி வந்து, கம்பால் தட்டித் தட்டி எங்கெங்கே கொடகொடவென்று சத்தம் வருகிறது என்று அந்தப் பக்கம் முழுவதும் பார்த்துவைத்தாள்.

புருஷனிடம் சொல்லாமலா இருப்பாள்? சொன்னாள்.

“அண்ணன் பார்க்காததையா நீ பார்த்துட்ட?” என்றான் அவன். ஆனால் முகம் வெளுத்துத்தான் போயிற்று. “நான் சொன்னா ரோலர் ஓட்டப் பயந்துட்டான்னு எல்லார் முன்னாடியும் கேலி பண்ணுவாரு. நீ அண்ணிகிட்ட சொல்லு.”

சொன்ன லட்சணம்தான் இது.

அவள் வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூலையில் ஓட்டையைக் காணவில்லை. ஒரு கூடை ஜல்லி அதன் வாயை ஒழுங்காக அடைத்திருந்தது. பார்த்தால் அந்த இடம்தான் மற்ற இடங்களைவிடக் கெட்டியாகத் தெரிந்தது.

லாரி வந்தது. ஆவி பறக்கக் கலவையைக் கொட்டினார்கள், வாரினார்கள், பரப்பினார்கள். கடற்காற்றில் கலவை சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் யாருக்கும் நிற்க நேரமில்லை. அவள் புருஷன் எட்டு டன் ரோலரை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு பட்டையாகக் கடலை நோக்கி வந்தான். அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் நிறுத்த வேண்டியிருக்கும் என்று அவனுக்கும் தெரியும் போலும்.

அக்கா மதியச் சாப்பாட்டோடுதான் வருவாள். சின்னவள் கலவை வாருகிறவரிடம் போனாள்.

“அண்ணே, அந்த மூலை உள்ள வெறும் கூடா இருக்கு. மாமாகிட்ட சொல்லுங்கண்ணே.”

“உங்க குடும்ப விஷயத்துல என்னை எதுக்கும்மா இழுக்கற?” என்று அவர் வாருகோலோடு நகர்ந்துவிட்டார்.

குடும்ப விஷயமாம்!

ரோலர் கடைசிப் பட்டைக்குத் திரும்பியது. பெரியவர் பத்தடி தூரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். அவள் வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள்.

“மாமா! வண்டிய நிறுத்தச் சொல்லுங்க!”

வாருகோல்கள் நின்றன. பெரியவர் திடுக்கிட்டு அவள் பக்கம் பாதி திரும்பி, சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு வாருகிறவரைப் பார்த்தார்.

“என்னவாம் அவளுக்கு?”

இப்போதும் அடுத்தவரிடம்தான் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. ஓடினாள். சூடு ஆறாத கலவையின் மேல் ஏறி, ரோலருக்கு நேர் எதிரே இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். ரப்பர் செருப்பு உருகிக் காலைச் சுட்டது. அந்த இரும்பு உருளை அவள் முழங்காலுக்கு இரண்டடி தூரத்தில் வந்து நின்றது.

“பைத்தியமா உனக்கு?” என்று மேலிருந்து புருஷன் கத்தினான். குரல் அழுகையாக வந்தது.

அவள் ஓரத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்துவந்து ஜல்லி அடைத்த இடத்தில் ஓங்கிக் குத்தினாள். இரண்டாவது குத்தில் கடப்பாரை அவள் கையை விட்டுக் கீழே போய்விட்டது. கொஞ்சம் கழித்துத் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அவள் பின்னால் தாவினாள். சுற்றியிருந்த கலவை மெல்லத் தொய்ந்து, ஒரு கட்டில் அகலத்துக்கு உள்ளே இறங்கியது. அடியில் கறுப்பாகக் கடல் தண்ணீர் தெரிந்தது.

புருஷன் ரோலரை விட்டு இறங்கினான். நாலடி நடந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சத்தம் கேட்டுக் கடை முதலாளி ஓடிவந்தார். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சுங்க. அதான் வண்டிய நிறுத்தச் சொன்னேன்.”

யாரும் மறுத்துப் பேசவில்லை. கூலி வாங்குகிறவர்கள் எதற்குப் பேசுவார்கள்?

“சரி, இன்னும் எங்கெல்லாம் இப்படி இருக்கு? எது வரைக்கும் போடலாம்?” என்று கேட்டார் முதலாளி. வாசலில் இரண்டாவது லாரி நிறையக் கலவையோடு நின்றுகொண்டிருந்தது. காற்று பலமாக அடித்தது.

பெரியவருக்குத் தெரியாது. தெரிந்தவள் கூப்பிடு தூரத்தில் நின்று பாதத்திலிருந்து ரப்பரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பெரியவள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து சேர்ந்தாள். அவருக்கு உயிர் வந்தது.

“ஏய், அவகிட்ட கேளு. கூடு எது வரைக்கும் போகுதுன்னு கேளு. அப்படியே, நாலு பேர் முன்னாடி இப்படிக் கத்தறது எங்க குடும்பத்துல வழக்கமில்லன்னு சொல்லிடு.”

பெரியவள் பள்ளத்தைப் பார்த்தாள். ரோலரைப் பார்த்தாள். தரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கொழுந்தனைப் பார்த்தாள். தூக்கைக் கீழே வைத்தாள்.

“சின்னக் குழின்னு சொன்னது நான்தாங்க. அவ அப்படிச் சொல்லல. ரோலர் உள்ள போயிடும்னுதான் சொன்னா. உங்களுக்குப் பயந்து நான்தான் குறைச்சுட்டேன்.” அவள் அதோடு நிறுத்தவில்லை. “இனிமே என்னால முடியாது. இதோ நிக்கிறாளே, நீங்களே கேளுங்க.”

சின்ன மருமகள் நிமிர்ந்தாள். வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கேட்டால் சொல்லத் தயாராக அவரை நேராகப் பார்த்தபடி நின்றாள்.

பெரியவர் லாரியைத் திரும்பிப் பார்த்தார். கலவையிலிருந்து ஆவி வருவது நின்றிருந்தது. வேறு வழியில்லாமல் அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.