ஒரு காகிதம், இரண்டு யாகூப்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காலே இல்லை போலிருக்கிறது. நாலு தெரு நடந்து வந்து கதவைத் தட்டத் துப்பில்லை. போனில் குரலைப் பதிந்து அனுப்பிவிடுகிறார்கள். நாம்தான் அதைக் காதில் வைத்துக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி நடுச்சந்தையில் நிற்க வேண்டும். இடையில் ஒரு கேள்வி கேட்க முடியுமா? முடியாது.

கிராஸ் என்ற ஐரோப்பிய நகரத்துக் காய்கறிச் சந்தையில், உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு, சஃப்தரும் அன்று அப்படித்தான் நின்றார். பேசியவன் யாகூப். சொந்த நாட்டில், ஜாகோரி மலைப்பக்கத்தில், அவருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. பதினாலு வயதில் மலையும் கடலும் தாண்டித் தனியாக வந்து சேர்ந்தவன். இரண்டு வருடமாகப் பிள்ளைகள் விடுதியில் தங்கி, கரண்டு வேலை படிக்கிறான்.

"மாமா, அம்மா அனுப்புன பொறப்புக் காகிதத்த அகதி ஆபீஸ்ல குடுத்தேன். அதுபடி எனக்குப் பதினெட்டு முடிஞ்சுபோச்சாம். பொய் சொல்லி விடுதியில இருக்கேன்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பெரியவங்க முகாமுக்குப் போகணுமாம். அது எங்கயோ மலைக்கு அந்தப் பக்கம். படிப்பு போச்சு மாமா. என் வயசு என்னன்னு உங்களுக்காவது தெரியுமா?"

தெரியும். தெரிந்ததுதான் வினை.

அந்த வீட்டில் யாகூப் என்று இரண்டு பேர். முதல் யாகூப் ஒன்றரை வயதில் தட்டம்மையில் போனான். அப்போது இவன் தாய் வயிற்றில். புதுக் காகிதம் வாங்குவதென்றால் ஒரு முழு நாள் பயணம். வழி நெடுகத் துப்பாக்கிக்காரர்கள். இருக்கிற காகிதம் எதற்கு வீணாகப் போக வேண்டும் என்று அந்தப் பெயரையும் காகிதத்தையும் இவனுக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் நடப்பதுதான், யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ஆனால் தாய் மட்டும் அண்டை அயலாரைக் கூப்பிட்டு, ரொட்டியின் மேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள். செத்தவனுடைய பெயரைச் சுமக்கிறோம் என்று இவனுக்கு ஒருநாளும் தெரியக் கூடாது. முதல் பிள்ளைக்குக் குழி வெட்டிய சஃப்தரும் அந்த ரொட்டியின் மேல் கை வைத்தவர்தான்.

இது போதாதென்று, ஆபீஸ் என்றாலே அவருக்கு ஆகாது. அவருடைய விசாரணையில் ஈரான் செங்கல் சூளையில் மூன்று வருடம் கிடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அங்கேயே இருந்திருக்கலாமே என்று எழுதிவிட்டார்கள். இங்கே தங்கலாம் என்ற காகிதம் கைக்கு வரப் பதினோரு வருடம்.

இருந்தும் மறுநாள் காலை யாகூப்போடு போனார். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மாள். பக்கத்தில் மொழிபெயர்க்க ஈரான்காரி ஒருத்தி. இரண்டு பேருக்கும் மொழி ஒன்றுதான், வட்டார வழக்குதான் வேறு.

"ஐயா, கொஞ்சம் புரியிற மாதிரி பேசுங்க," என்றாள் அவள்.

"நான் புரியிற மாதிரிதாம்மா பேசுறேன். நீதான் டெஹ்ரான்ல மூக்கால பேசிப் பழகிட்ட. மொதல்ல இந்தப் பையன வெளிய அனுப்பச் சொல்லு."

அதிகாரி முடியாதென்று தலையை ஆட்டினாள். அவனுடைய வழக்கு, அவன் இருந்தே ஆக வேண்டும்.

சஃப்தர் தன் கையைப் பார்த்தார். ரொட்டியின் மேல் வைத்த அதே கை. பிறகு யாகூப்பின் முகத்தைப் பார்க்காமல், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்: "அந்தக் காகிதம் இவனோடது இல்ல. இவன் அண்ணனோடது. அவன் செத்துட்டான். நான்தான் பொதச்சேன். இவனுக்கு இப்பப் பதினாறு."

மொழிபெயர்ப்பவள் அதை அதிகாரிக்குச் சொன்னாள். யாகூப் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இதுக்கு என்ன ஆதாரம்னு கேக்குறாங்க," என்றாள் அவள்.

"ஆதாரமா? நான் என்ன செத்த பிள்ளைக்கு ரசீதா வாங்கி வச்சிருக்கேன்? தலமாட்டுல ஒரு கல்லு இருக்கு. பேரும் வருஷமும் ஆணியால நான் கீறுனது. வேணும்னா போய்ப் பாக்கச் சொல்லு."

அப்போது யாகூப் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். தாயின் குரல் அறை முழுக்கக் கேட்டது: சாப்பிட்டியா, குளிருதா, தொப்பி போட்டியா.

"அம்மா," என்றான். "அண்ணனோட கல்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லும்மா."

"யாருடா சொன்னது?" என்றாள்.

"நான்தான் சொன்னேன்," என்றார் சஃப்தர். "திட்டுறதுன்னா என்னத் திட்டு. மொதல்ல கல்லுக்கு ஆள அனுப்பு."

ஒரு மணி நேரம் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். படம் வந்தது. பாசி சுரண்டிய கல். மூன்றாவது வகுப்பைத் தாண்டாத கையின் கோணல் எழுத்து, அடியில் செத்த வருடம். ஈரான்காரி அதை இரண்டு முறை வாசித்து, விரல் விட்டு எண்ணி, அதிகாரிக்குச் சொன்னாள். அதிகாரி எதையோ எழுதினாள். பரிசீலிக்கிறோம், முடிவு வரும்வரை பையன் விடுதியிலேயே இருக்கலாம், வெள்ளிக்கிழமை போக வேண்டாம்.

வாசலில் வந்து நின்றதும் யாகூப் கேட்டான். "அவன் எப்படி இருப்பான் மாமா?"

"உன்ன மாதிரிதான். எந்நேரமும் மூக்கு ஒழுகிக்கிட்டு."

"அவன் சட்டைய இத்தன நாளு போட்டுக்கிட்டு இருந்த மாதிரி இருக்கு."

"குளிருக்கு ஒதவுச்சுல்ல? அப்பறம் என்ன?"

யாகூப் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "அந்தம்மா நல்லவங்க மாமா. பாக்குறோம்னு சொல்லிட்டாங்கல்ல."

"என்கிட்டயும் பாக்குறோம்னுதான் சொன்னாங்க. பதினோரு வருஷம் பாத்தாங்க. நான் உக்காந்து வாயால சொன்னத நம்பல, கல்லு சொன்னா கேக்குறாங்க. நீ போய்ப் படி. உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லப்போறேனோ."

டீ குடிக்கலாம் என்று பையன் கூப்பிட்டதைக் காதில் வாங்காமல் நடந்தார். இருபது அடி போயிருக்க மாட்டார், பையில் போன் அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் யாகூப் குரலைப் பதிந்து அனுப்பிவிட்டு, போன் இன்னும் வாயருகே இருக்க நின்றான். இருபது அடி ஓடி வந்து சொல்ல முடியாதா இவனுக்கு?

போனைக் கையில் பிடித்தபடி, சந்தைப் பக்கம் நடந்தார்.