கூர் மேல பார்த்தா

குழாய் பதிக்கிற கம்பெனியில் ஆட்களுக்குக் கொட்டகை போடுவது என் வேலை. தங்கச்சி புருஷன் அங்கேயே சர்வேயர், மலையின் வரைபடம் பார்த்து இடம் சொல்வார். படித்தவர்கள் காகிதத்தை நான் நம்புகிற ஆள் இல்லை. "மலையைக் காகிதத்துல மடிச்சு வெக்க முடியுமா?" என்று அவரைச் சீண்டுவேன். "மடிச்சுத்தானே பையில வெச்சிருக்கேன் மச்சான்" என்பார்.

புது இடத்தில் கொட்டகை போட வேண்டிய அன்றைக்கு அவருக்குக் கடுமையான காய்ச்சல். கட்டிலில் கிடந்தபடியே படத்தைக் கொடுத்தார்.

"உயரம் காட்டுற கோடெல்லாம் வளைஞ்சு கூரா நிக்கும் பாருங்க. கூர் மேல பார்த்தா ஓடை, தண்ணி வரும். கீழ பார்த்தா மலை மூக்கு, மேடு. மூக்குல போடுங்க."

"எனக்கே மேல கீழ சொல்லித் தர்றீங்களா மாப்பிள்ளை?"

அவர் சொன்ன மேல, உச்சிப் பக்கம். எனக்கு மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. பிறந்ததிலிருந்து அப்படித்தான். மலை கிழக்கே நின்றது, படத்தில் கூரும் உச்சியைப் பார்த்து, கிழக்கே நீட்டியிருந்தது. கீழதானே பார்க்குது, மூக்குதான் என்று முடிவு கட்டினேன். புதர் மண்டிக் கிடந்ததால் பள்ளம் தெரியவில்லை. சந்தேகம் வரத்தான் செய்தது. போன் போட்டால் இளக்காரமாகச் சிரிப்பார் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியான மழையில் ஓடை பெருகிக் கொட்டகையை வாரிக்கொண்டு போனது. உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்த சமையல்காரருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது.

"யார் சொன்ன இடம்?" என்றார் மேனேஜர்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "காய்ச்சல்ல நான்தான் மாத்திச் சொல்லிட்டேன் போலிருக்கு சார்."

பிசகு எங்கே என்று எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. அவரைச் சர்வேயிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். பதினொரு வருஷம். அதற்கப்புறம் அவர் மலை ஏறவே இல்லை.

போன மாதம் ரிட்டயர் ஆனார். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டிவியை அணைத்தார்.

"அப்போ நான் சரியாத்தான் சொல்லியிருக்கேனா மச்சான்?"

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஆமாம் என்றேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

தங்கச்சி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ கிளம்புண்ணா."

செருப்பு மாட்டும்போது உள்ளே அவர் போனில் பேசுவது கேட்டது. எதிர்முனையில் அந்தச் சமையல்காரர்.

"அண்ணே, அன்னிக்கு நான் தப்பா சொல்லலையாம். இப்பத்தான் தெரிஞ்சுது."

யார் சொன்னார்கள் என்று சமையல்காரர் கேட்டிருக்க வேண்டும். "யார் சொன்னா என்னண்ணே, விடுங்க" என்றார் மாப்பிள்ளை. அதற்கு மேல் நிற்க முடியாமல் படி இறங்கினேன்.